முப்பத்தைந்து தட்டு

மாயக்கண்ணனுக்கு ஒரு செல்போன் வேண்டியிருந்தது. ஒரே ஒரு மாதத்துக்கு. 1999 ஜூலை கடைசிச் சனிக்கிழமை, காரைக்குடி செக்காலை ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த செல்போன் ஏஜென்சியில் அதைத்தான் கேட்டான்.

"வாங்க சார், உக்காருங்க" என்று தொடங்கினார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். "ஒரு வருஷ பாண்டு. மாசாமாசம் பில் வரும். ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், வீட்டு டெலிபோன் பில், மூணும் வேணும்."

"வீட்டுல டெலிபோன் இருந்தா நான் எதுக்கு சார் இங்க வாரேன்?"

"ரூல்ஸ் அப்படி."

"எனக்கு ஒரு மாசம் போதும் சார். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டிர்றேன்."

"ஒரு மாசத்துக்குக் குடுக்க இது என்ன வாடகை சைக்கிள் கடையா?" சிரித்துக்கொண்டே ரேஷன் கார்டை வாங்கிப் புரட்டினார். விலாசம் இருந்த பக்கத்தில் விரல் நின்றது. "கண்டரமாணிக்கம் பக்கமா? இது ஊருக்குள்ள எந்தத் தெருவுல வருது?"

மாயக்கண்ணன் தெருவைச் சொன்னான்.

"சரி, நீ போயிட்டு அப்புறமா வா" என்றார் அவர். கார்டை அவன் கையில் கொடுக்கவில்லை, மேஜைமேல் வைத்துத் தள்ளினார். 'சார்', 'வாங்க' எல்லாம் 'நீ', 'வா' ஆக ஒரு தெருவின் பெயர் போதுமாக இருந்தது. கம்பிகூட இல்லாமல் காற்றில் பேசும் கருவியை விற்கிற கடை அது.

அவனுக்கு இருபத்தேழு வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிகல் முடித்தவன். டெலிபோன் கேபிள் பதிக்கும் கான்ட்ராக்டர் ஒருவரிடம் எட்டு வருடமாகத் தினக்கூலி. முதலில் பள்ளம் தோண்டினான், பிறகு கேபிள் இணைக்கக் கற்றுக்கொண்டான், பிறகு வீடு வீடாகப் போய் போன் மாட்டினான். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அவன் கையால் உயிர் பெற்ற போன்கள் நானூறுக்குக் குறையாது. அவன் ஊரில் அவனே பதித்த கேபிள் கடைத்தெருவோடு நின்றது. அவன் தெருவுக்கு இன்னும் நானூறு அடி பள்ளம் தோண்ட வேண்டும். அதைத் தோண்டச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாளில் போன் இல்லாதவர்கள் போன் இருக்கிற வீட்டு நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதிவைப்பார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டார் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். மாயக்கண்ணன் வீட்டுக்குப் பி.பி. கடைத்தெரு மளிகைக்கடை. நான்கு வருடத்துக்கு முன்னால் சிவகங்கை ஆஸ்பத்திரியிலிருந்து அவன் தங்கச்சி வீட்டுக்காரர் அந்தக் கடைக்கு போன் செய்தார். பிரசவம் சிக்கலாக இருக்கிறது, ரத்தம் கொடுக்க மச்சானை உடனே வரச் சொல்லுங்கள் என்றார். சேதி மூன்றாம் நாள் வந்தது. "மறந்தே போச்சுப்பா" என்றார் கடைக்காரர், புளியை நிறுத்துக்கொண்டே. அதற்குள் குழந்தையைப் புதைத்திருந்தார்கள். மேலத்தெருவுக்கு வந்த எந்தச் சேதியையும் அந்த மனிதர் மறந்ததில்லை.

அதே கடைக்காரருக்குத் தேவகோட்டை ஜான் பீட்டர் பழக்கம். ஜான் பீட்டரின் மகள் மரிய அனிதாவைத்தான் மாயக்கண்ணன் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். அதற்காகத்தான் செல்போன்.

மூன்று வருடம் முன்பு ஜான் பீட்டர் வீட்டு போனை ஹாலிலிருந்து உள்ளறை வாசலுக்கு மாற்ற மாயக்கண்ணன் போயிருந்தான். சுழற்றுகிற டயல் வைத்த கறுப்பு போன். வேலைக்காரி திருட்டுத்தனமாகப் பேசிவிடக் கூடாது என்று டயல் துளையில் சின்னப் பூட்டு தொங்கியது. ஜான் பீட்டர் வெளியே போன நேரத்தில், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த மகள் கேட்டாள்: "இந்தப் பூட்டைப் போட்டா யாரும் பேச முடியாதா?"

அவனுக்குக் கொஞ்சம் பெருமையடிக்க ஆசை. ரிசீவரை எடுத்தான். ரிசீவர் உட்காரும் இடத்தில் அமுங்குகிற பொத்தானைத் தட்டினான். "மூணு வேணும்னா மூணு தட்டு. ஒன்பதுன்னா ஒன்பது தட்டு. சைபருக்குப் பத்து. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல மூச்சு விடுற நேரம் சும்மா இருக்கணும். எக்ஸ்சேஞ்சுக்கு டயல் சுத்துறதும் பொத்தானைத் தட்டுறதும் ஒண்ணுதான்." தட்டிக் காட்டினான். மறுமுனையில் மணி அடித்தது.

"அப்ப எங்க அப்பா பூட்டு வாங்குன காசு தண்டம்" என்று அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் தேவகோட்டை பஸ் நிலையத்தில் நின்று பேசியதெல்லாம் அவர்கள் விஷயம். கல்யாணம் என்று வந்தபோது அனிதா கேட்டாள்: "ஞானஸ்நானம் வாங்கிக்கிறியா? சர்ச்சுலயே முடிச்சிரலாம்."

"தண்ணியத் தலையில ஊத்துனா உங்க அப்பா என் தெருவ மறந்துருவாரா?"

அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் ஓடுவது அவளுக்குத் தெரியும். ஒரே சிலுவை, ஒரே ஜெபம், செத்த பிறகும் இரண்டு பக்கம். "சரி, நானும் பொட்டு வச்சு யாரையும் ஏமாத்த மாட்டேன்" என்றாள். ஆகவே இருவரும் இருந்தபடியே இருந்து, சிறப்புத் திருமணச் சட்டப்படி காரைக்குடி பதிவு அலுவலகத்தில் கல்யாணம்.

அந்தச் சட்டம் முப்பது நாள் கேட்கிறது. இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார் என்று பெயர், வயது, விலாசத்தோடு அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். முப்பது நாள் அது தொங்கும். நிலம் எழுதிக் கொடுக்கவும் வாங்கவும் வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படும். சொந்தச் சாதியில் மாமன் மகளைக் கட்டுகிறவனிடம் எந்தச் சட்டமும் இப்படிக் கேட்பதில்லை. ஆபத்தில் இருக்கிறவனின் விலாசத்தைத்தான் சுவரில் ஒட்டுகிறார்கள்.

இந்த முப்பது நாளில் எந்த நிமிடமும் அவள் வீட்டில் தெரிந்துவிடலாம். தெரிந்தால் அவள் அவனைக் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடிக்காத நம்பர்.

ஏஜென்சியிலிருந்து இறங்கியவன் நேரே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சுல்தான் கடைக்குப் போனான். கைக்கடிகாரம், டேப் ரிக்கார்டர், வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து விற்கிற சாமான்கள் எல்லாம் வைத்திருந்தவர் சுல்தான். அவர் கடைக்குப் போன் இழுத்துக் கொடுத்தது மாயக்கண்ணன்தான்.

"பாண்டு இல்லாம, பில் இல்லாம செல் கிடைக்குமா பாய்?"

"இப்பத்தான் வந்திருக்கு தம்பி. முன்பணக் கார்டு. பணத்தைப் போடு, பேசு, தீர்ந்தா தூக்கிப் போடு. விலாசம்கூட நீ சொல்றதுதான். ஆனா முப்பது நாள்தான் உயிரு. அதுக்குள்ள மறுபடி பணம் போடலன்னா செத்துரும். அப்புறம் இன்னொண்ணு. நீ பேசுனாலும் காசு, உனக்கு யாராச்சும் பேசுனாலும் காசு."

"எனக்கு வர்றதுக்கு நான் குடுக்கணுமா?"

"கொள்ளைதான். என்னைய முறைச்சு என்ன செய்ய?"

சுல்தான் தன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய செல் ஒன்றை எடுத்து வைத்தார். செங்கல் கனம். பிறகு நம்பர்கள் எழுதிய அட்டையை நீட்டினார். முதல் நான்கு எண்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று. மீதி ஆறைத் தேர்ந்தெடுக்கலாம். மாயக்கண்ணன் பேனாவை வாங்கி ஒவ்வொரு நம்பரின் பத்து எண்களையும் கூட்ட ஆரம்பித்தான்.

"நீயுமா தம்பி? நீ இதெல்லாம் பாக்க மாட்டியே" என்றார் சுல்தான். "வர்றவனெல்லாம் கூட்டித்தான் பாக்குறான். இந்தா, இதை விட்ரு. கூட்டுனா முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு. எட்டு ஆகாதுன்னு நாலு பேரு வேணாம்னுட்டான்."

"சைபரே இல்ல. இருக்கிறதுலயே குறைச்சல் இதுதான். இதையே குடுங்க."

"எட்டுப்பா!"

"எனக்கு எட்டு இல்ல பாய், முப்பத்தஞ்சு." எதற்கென்று சொன்னான். பூட்டின போனில் ஒரு பெண் முப்பத்தைந்து முறை பிசகாமல் தட்ட வேண்டும். நாற்பத்தெட்டோ ஐம்பதோ என்றால் நடுவில் ஆள் வந்துவிடும். சுல்தான் சிரிப்பை நிறுத்தினார். நம்பருக்குத் தனியாகக் கேட்கும் தொகையை அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே நாள் செல்லுக்கும் உயிர் வந்தது, நம்பரை அனிதா மனப்பாடம் செய்துகொண்டாள். அவன் ஊரில் டவர் எடுக்காது. ஆகவே காரைக்குடியில் வேலை வாங்கிக்கொண்டு சுல்தான் கடை மாடியில் தங்கினான். பள்ளம் தோண்டும்போதும் செல் சட்டைப்பையில் இருந்தது. கூட வேலை பார்த்த லூர்து பிரகாஷ், "கலெக்டர் ஐயா, மம்பட்டிய அங்குட்டு வச்சிட்டு போனைப் பாருங்க" என்பான். அவனுக்கும் எல்லாம் தெரியும். லூர்துவும் மாயக்கண்ணன் தெருதான், அதில் ஞானஸ்நானம் வாங்கிய பகுதி.

பதினேழாம் நாள் தெரிந்துவிட்டது. பத்திரம் பதிய வந்த ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு ஜான் பீட்டரிடம் போய்ச் சொன்னார். ஜான் பீட்டர் எதிர்ப்பு மனு கொடுக்கலாமா என்று விசாரித்தார். வயது குறைவு, ஏற்கெனவே கல்யாணமானவர் என்பது போன்ற காரணம் வேண்டும் என்றார்கள். சாதி அந்தச் சட்டத்தில் காரணமில்லை. ஆகவே மகளை உள்ளறையில் வைத்தார். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று லீவு எழுதினார். போன் பூட்டு அப்படியே இருந்தது.

ஆறு நாள் எந்தச் சேதியும் இல்லை. செல் மட்டும் அடித்தது. "ஹலோ, முருகன் ஸ்டோரா?" "கண்ணாடிக்கடையா?" "அண்ணே, லாரி கிளம்பிருச்சா?" யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்தச் செல் காட்டாது. எந்த அழைப்பு அவளுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்தான். ஒவ்வொரு தவறான அழைப்பும் ஒரு நிமிடத்தைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் குரல் வந்தது. மிகத் தாழ்ந்த குரல்.

"நாலாவது தடவை தட்டுறேன். மூணு தடவை யார் யாரோ எடுத்தாக. அப்பாவும் அண்ணனும் அந்தோணியார் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போயிருக்காக. செவ்வாய்க்கிழமை மட்டுந்தான் போவாக. அம்மா அடுப்படியில இருக்கு. அடுத்த புதன்கிழமை காலையில முப்பது நாள் முடிஞ்சிருமுல்ல? அன்னிக்கு அஞ்சு மணிக்குப் பால்காரர் வரும்போது கதவு திறக்கும். நான் வந்துருவேன். முந்தின நாள் நவநாள் நேரத்துல இன்னொரு தடவை தட்டுறேன். நீ போனை வச்சிரு."

புதன்கிழமை, செப்டம்பர் ஒன்று. நாள்களை அவள்தான் எண்ணியிருந்தாள். அவன் எண்ணியபோதும் அதுவே வந்தது.

இரண்டு பேரும் தவறாக எண்ணியிருந்தார்கள். அவள் வீட்டில் முப்பதாம் நாள் பூசைக்குச் செத்த நாளே முதல் நாள். அவன் வீட்டில் பதினாறாம் நாளுக்கும் அப்படியே. நோட்டீஸ் ஒட்டிய நாளையும் சேர்த்து எண்ணினால் ஆகஸ்ட் 31 முப்பது. திங்கட்கிழமை, முப்பதாம் தேதி, சாட்சிகளைப் பற்றி விசாரிக்கப் போன மாயக்கண்ணனிடம் அலுவலகக் கிளார்க் சொன்னார்: "ஒட்டுன நாளு கணக்குல வராது. முப்பது நாள் முழுசாக் கழியணும். வியாழக்கிழமை வாங்க. ரெண்டாம் தேதி."

புதன் விடியற்காலையில் அவள் வெளியே வந்துவிட்டால் ஒரு பகலும் ஒரு இரவும் எங்கே ஒளிவது? கல்யாணம் ஆகாத பெண்ணைக் கடத்திவிட்டான் என்று ஒரு புகார் போதும். அவளைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள், இவனை உள்ளே வைப்பார்கள். இந்தச் சேதியை அவளுக்குச் சொல்ல வேண்டும். அவன் அந்த வீட்டுக்குப் போன் செய்ய முடியாது. ஜான் பீட்டர்தான் எடுப்பார். அவள் தட்டினால்தான் உண்டு.

சுல்தானிடம் ஓடினான். அவர் செல்லை வாங்கி ஏதோ நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார். "இன்னும் ஒரு நிமிஷத்துக்குத்தான் காசு இருக்கு தம்பி. அதுவும் நாளை ராத்திரியோட கார்டு செத்துரும். கம்பெனிக்காரன் உயிர் வந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவான்."

"மறுபடி பணம் போடுங்க."

"கூப்பன் இல்ல. வெள்ளிக்கிழமையே தீர்ந்து போச்சு. மதுரையில இருந்து புதன்கிழமை வரும்னு சொல்றான்." சுல்தான் மதுரையில் இரண்டு கடைக்குப் பேசிப் பார்த்தார். அங்கும் இல்லை.

ஒரு நிமிடம். அதற்குள் ஒரு தவறான அழைப்பை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. செல்லை அணைத்துவைத்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திறந்தான். ஆறு மணிக்கு நவநாள். சுல்தான் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். லூர்து பிரகாஷ் வாசலில் நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்பதை மாயக்கண்ணன் ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தான்.

ஐந்து நாற்பதுக்கு மணி அடித்தது.

"எடு" என்றான் லூர்து.

"இன்னும் நவநாள் ஆரம்பிக்கல. அவ அப்பா வீட்டுலதான் இருப்பாரு."

"இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பியிருந்தா?"

செல் மேஜைமேல் அதிர்ந்து நகர்ந்தது. மாயக்கண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஒன்பது, பத்து, பதினொன்று. நின்றது. அது அவளாக இருந்தால்? மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுல்தான் ஒரு கடிகாரத்தைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் மூடினார்.

ஆறு மணி. ஆறு பத்து. ஆறு பதினேழுக்கு மறுபடி அடித்தது. எடுத்தான். ஹலோ சொல்லவில்லை.

"அனிதா, நாளைக்கு வேணாம். வியாழக்கிழமை. ஆபீசுல ஒரு நாள் கூட ஆகும்னுட்டாக. வியாழன் பத்து மணியில இருந்து ஆபீஸ் வாசல்லயே நிப்பேன். இந்தப் போன் இன்னியோட அவ்வளவுதான். கேட்டுச்சா?"

ஒரு நொடி வெறும் இரைச்சல். பிறகு அவள்: "கேட்டுச்சு. ஆனா நாளைக்கு விடிய என்னைய நாட்டரசன்கோட்டைக்கு அத்தை வீட்டுக்குக் கொண்டு போறாக. மாப்பிள்ளை பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கப் போறாக. பால்காரருக்கு முன்னாடியே கார் வருது. அங்க..."

கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவளுக்கு நாள் தெரியும், இடம் தெரியும். அவள் இருக்கும் இடத்திலிருந்து வர முடியுமா என்பது தெரியாது. புதன்கிழமை காலையில் செல்லில் உயிர் இல்லை. நாட்டரசன்கோட்டைக்குப் போகக் கிளம்பியவனைச் சுல்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போயி? தெருவுல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவியா? உன்னைய அங்க பாத்தா அவுக வேலை சுலபமாயிரும். அந்தப் புள்ளைக்கு மூளை இருக்கு. முப்பத்தஞ்சு தட்டு தட்டியிருக்கு. நீ சொன்ன இடத்துல நில்லு."

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதிவு அலுவலக வாசலில் நின்றான். சாட்சிக்குச் சுல்தான், லூர்து பிரகாஷ், அவன் அம்மா கருப்பி. கருப்பி வயல் வேலையை விட்டுவிட்டு, சுங்குடிச் சேலை கட்டி வந்திருந்தாள். பலகையில் நோட்டீஸ் இன்னும் தொங்கியது. அனிதாவின் பெயர் மேல் யாரோ வெற்றிலைச் சாறு துப்பியிருந்தார்கள். கருப்பி முந்தானையை நனைத்து அதைத் துடைத்தாள். எழுத்துக் கொஞ்சம் அழிந்தது.

பதினொன்று. ஒன்று. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் வந்து போனது. நாட்டரசன்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் லூர்து ஓடிப் பார்த்தான். செத்த செல்லை மாயக்கண்ணன் அடிக்கடி எடுத்துப் பார்த்தான். "அதுல என்னடா இருக்கு?" என்றாள் கருப்பி. "ஒண்ணும் இல்லம்மா." "பொறகு ஏன் அதையே பாக்குற? ரோட்டப் பாரு."

மூன்று மணிக்குக் கிளார்க் வெளியே வந்தார். "நாலு மணிக்கு ஐயா சிவகங்கைக்கு மீட்டிங் போறார். பொண்ணு வருதா இல்லையா?"

"வரும் சார்."

"போன் கீன் பண்ணுச்சா?"

மாயக்கண்ணன் ரோட்டைப் பார்த்தான்.

மூன்று இருபத்தைந்துக்குச் சிவகங்கை பஸ் நின்று போன பிறகு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். வெறுங்கை. ஒரு காலில் ஒரு நிறச் செருப்பு, இன்னொரு காலில் வேறு நிறம். அவசரத்தில் மாட்டியதில் ஒன்று அத்தையுடையது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தாள். மாயக்கண்ணனால் நின்ற இடத்தை விட்டு நகர முடியவில்லை. கருப்பிதான் போய்க் கையைப் பிடித்தாள்.

"எங்கிட்டு வழியா வந்த தாயி?"

"சிவகங்கை சுத்தி வாரேன் அத்தை. அங்க போன் கிடையாதுன்னுதான் என்னைய அந்த வீட்டுல வச்சாக. போனுக்குத்தான் பயந்தாகளே தவிர, வாசலுக்கு நேரா பஸ் நிக்கிறத யாரும் யோசிக்கல. அந்த வீட்டு அத்தை குளிக்கப் போனாக, கதவுல சாவி தொங்குச்சு. முதல்ல வந்த பஸ்ஸுல ஏறிட்டேன். அது எதிர்த் திசைக்குப் போச்சு." பிறகுதான் அவள் மாயக்கண்ணனைப் பார்த்தாள். "நேத்தெல்லாம் மனசுக்குள்ள தட்டிக்கிட்டே இருந்தேன். அந்த வீட்டுல தட்டப் பொத்தான்தான் இல்ல."

"அன்னிக்கு அஞ்சு நாப்பதுக்கு அடிச்சது நீயா?"

"இல்லையே. ஆறு மணிக்குத்தான அப்பா கிளம்புனாரு."

அவன் சுவரில் சாய்ந்து மூச்சை விட்டான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் அதிகாரி முன்னால் நின்றார்கள். ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை, நல்ல நேரமும் யாரும் பார்க்கவில்லை. நான் இவரைச் சட்டப்படி கணவராக ஏற்கிறேன், நான் இவளைச் சட்டப்படி மனைவியாக ஏற்கிறேன் என்று இரண்டு வரி. கருப்பி பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள்.

"ஏதாவது போன் நம்பர் இருந்தா சொல்லுங்க" என்றார் கிளார்க், பதிவேட்டில் குனிந்தபடி. "சான்றிதழ் தயாரானதும் கூப்பிடுறோம்."

மளிகைக்கடை நம்பர் மாயக்கண்ணனுக்கு மனப்பாடம். அதைச் சொல்லவில்லை. பையிலிருந்த செல்லை எடுத்துச் சுல்தான் கையில் கொடுத்தான்.

"நம்பர் இல்ல சார். நாங்களே நேர்ல வந்து வாங்கிக்கிறோம்."